பாயில் உட்கார்ந்த இருவர்: ஒரு பயணப் படம் தாமிரத்தில் ஏறிய கதை

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், இன்றைய வட கரோலினாவில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே பெரிய மரத்தட்டு நிறைய வேகவைத்த மக்காச்சோளம். இந்தக் காட்சி நமக்கு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஜான் ஒயிட் என்ற ஆங்கிலேயர் தீட்டிய நீர்வண்ணப் படம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று, 1590இல் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் தியோடர் த ப்ரை வெளியிட்ட நூலில் உள்ள தாமிரத்தகட்டு அச்சு. நீர்வண்ணத்தில் இருவரும் முழங்காலை மடக்கிக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அச்சில் காலை முன்னால் நீட்டிவிட்டார்கள்.

பழைய பயணப் படங்களை விற்பவர்கள் அவற்றை அந்தக் காலத்துப் புகைப்படம் என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. நேரில் பார்த்த ஓவியரில் தொடங்கி, படியெடுத்தவர், செதுக்கியவர், குறிப்பு எழுதியவர், மொழிபெயர்த்தவர், மை பூசியவர், சில சமயம் வண்ணம் தீட்டியவர் என்று ஒரு வரிசையே கைவைத்த பிறகுதான் ஒரு படம் கடைக்கு வந்தது. அவர்களில் தலைமைச் செதுக்காளரான த ப்ரை அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை. அந்த வேலைகள் நடந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போவோம்.

முதல் வேலை ஆளை அனுப்புவது. 1585இல் வால்டர் ராலே அனுப்பிய கப்பல்களில் ஒயிட் ஓவியராகப் போனார். உடன் போனவர் தாமஸ் ஹேரியட், கணிதமும் வானியலும் தெரிந்தவர். முந்தைய ஆண்டு லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட மான்டியோ, வான்சீஸ் என்ற இரண்டு அல்கான்கியன் ஆட்களோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றவர். அதன் ஒலிகளைப் பதிவதற்கென்றே ஒரு தனி எழுத்துமுறையையும் உருவாக்கியவர். ஒருவர் எழுத, இன்னொருவர் வரைவது என்பது ஏற்பாடு. ரோனோக் தீவில் தங்கி, அக்கம்பக்கத்து நிலத்தில் இருந்த பொமேயாக், செக்கோட்டான் போன்ற ஊர்களுக்குப் போனார்கள். ஊரின் அமைப்பு, வீட்டுக் கூரை, மீன்பிடி, நடனம், தாயத்து, பச்சை குத்திய கோலம் என்று ஒயிட் விடாமல் பார்த்திருக்கிறார். பொமேயாக் சிறுமி ஒருத்தி கையில் ஆங்கிலேயப் பொம்மை ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்த பரிசு. அதை மறைத்துவிட்டு ‘கலப்பில்லாத’ காட்டுச் சிறுமியாக வரைந்திருக்கலாம், அவர் வரையவில்லை.

வரையாமல் விட்டதும் உண்டு. இந்த ஊர்களைப் பார்த்த அதே ஜூலை வாரத்தில், ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனது என்பதற்காக ஆங்கிலேயர் அக்வாஸ்கோகாக் என்ற ஊரைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள், விளைந்து நின்ற சோளத்தையும் சேர்த்து. ஒயிட்டின் படங்களில் அந்தப் புகை இல்லை. படங்களில் தெரியும் அமைதியை நம்புவதற்கு முன் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வேலை, வரைந்ததை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பல பயணங்களில் இங்கேயே கதை முடிந்துவிடும். 1586 ஜூனில் குடியேற்றத்தைக் கைவிட்டு, பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களில் எல்லோரும் அவசரமாக ஏறினார்கள். புயல், படகுகள் தரைதட்டின. பாரத்தைக் குறைக்க மாலுமிகள் பெட்டிகளையும் புத்தகங்களையும் வரைபடங்களையும் கடலில் வீசினார்கள். எந்தெந்தப் படங்கள் அன்று தண்ணீரில் போயின என்பதற்குக் கணக்கு கிடையாது. தப்பித்தவற்றை வைத்து ஒயிட் பின்னால் அமர்ந்து நிதானமாகத் தீட்டிய நல்ல படிகளே இன்று நாம் பார்ப்பவை.

ஆக, கலப்பு செதுக்குபவரின் மேசைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மீன்பிடிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் ஈட்டியால் குத்துவது, இரவில் ஓடத்தில் தீ மூட்டி மீனை வரவழைப்பது, மூங்கில் தட்டி போன்ற அடைப்பில் மீனைச் சிக்கவைப்பது எல்லாம் ஒரே தாளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எந்த ஒரு நாளும் அப்படி இருந்திருக்காது. செக்கோட்டான் ஊர்ப் படத்திலும் முளைவிட்ட சோளம், பச்சைச் சோளம், முற்றிய சோளம் என்று மூன்று வயல்கள் பக்கம்பக்கமாக நிற்கின்றன. கண்டதைப் பதிவதைவிட, தெரிந்துகொண்டதை ஒரே பார்வையில் சொல்லிவிடுவது ஒயிட்டுக்கு முக்கியம்.

மூன்றாவது, வெளியீட்டாளர். தியோடர் த ப்ரை 1528இல் லியேஜ் நகரில் பிறந்த பொற்கொல்லர். புராட்டஸ்டண்ட் என்பதால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர். ஸ்ட்ராஸ்பூர்க், ஆன்ட்வெர்ப், லண்டன் என்று போய், கடைசியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நிலைத்தார். அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை புத்தகச் சந்தை கூடும். ஐரோப்பா முழுவதிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். பயண நூல்களைத் தொகுப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த ரிச்சர்ட் ஹக்லூட், ஹேரியட்டின் வர்ஜீனியா அறிக்கையை ஒயிட்டின் படங்களோடு வெளியிடும்படி அவரைத் தூண்டினார். அந்த அறிக்கை 1588இல் படங்கள் இல்லாமல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. த ப்ரை கைக்குப் போனது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அதே தொகுப்பு அல்ல, ஒயிட் தந்த வேறொரு படி என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நீட்டிய காலுக்கு த ப்ரையை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி பட்டறை. தாமிரத்தைத் தகடாக அடித்து, அடித்தே இறுக்குவார்கள். இளகிய தாமிரத்தில் கோடு சுத்தமாக விழாது. பிறகு நுரைக்கல், கரித்துண்டு, எண்ணெய் என்று மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் மழுமழுப்பான எஃகுக் கருவியால் பளபளப்பாக்குவார்கள். தகட்டில் ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் அதுவும் மை பிடிக்கும்; வானத்தில் காரணமில்லாத கோடாக அச்சில் தெரியும்.

அடுத்து, படத்தைத் தகட்டுக்கு மாற்றுவது. தகட்டைச் சூடாக்கி மெல்லிய மெழுகு பூசுவார்கள். எண்ணெய் ஊறி ஒளி ஊடுருவும் தாளில் படத்தின் கோடுகளைப் படியெடுத்து, அந்தத் தாளை மெழுகின்மேல் வைத்து அழுத்தியோ முனையால் தடமிட்டோ உருவத்தை இறக்குவார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. தகட்டில் இருப்பது அச்சில் இடவலம் மாறும். நேராகவே இறக்கினால் வில் பிடித்த இடக்கை அச்சில் வலக்கையாகிவிடும். ஆகவே கவனமான பட்டறையில் தாளைத் திருப்பிப் போட்டு இறக்குவார்கள்; அவசரக்காரர்கள் அதைச் செய்வதில்லை. நம் செப்பேடுகளை வெட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. செப்பேடு தகட்டிலேயே படிக்கப்படுவது, எழுத்து நேராக ஓடும். இங்கே தகட்டை வாசகர் யாரும் பார்க்கப்போவதில்லை. அது பட்டறைச் சொத்து.

இப்போது உளி. நான்கு பட்டை கொண்ட எஃகுக் கம்பி, நுனி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும்; மறுமுனையில் உள்ளங்கையில் பொருந்தும் மரக்குமிழ். சுத்தியலால் அடிப்பதில்லை, உள்ளங்கையால் தள்ளுவார்கள். ஏர் மண்ணைப் புரட்டுவதுபோல் உளி தாமிரத்தைச் சுருளாகக் கிளப்பிக்கொண்டு முன்னால் போகும். தகடு மணல் அடைத்த தோல் திண்டின்மேல் இருக்கும். நேர்கோட்டுக்கு உளி நகரும். வளைவுக்கு உளி கிட்டத்தட்ட நின்றுகொள்ள, இடக்கை தகட்டைச் சுழற்றும். கை அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், தளர்ந்தால் மெலிந்து மறையும். கோட்டின் ஓரங்களில் எழும் பிசிறைச் சுரண்டியால் நீக்குவார்கள். தவறினால் அழிக்க வழி உண்டு, ஆனால் சுலபமல்ல: அந்த இடத்தைச் சுரண்டி, பள்ளமானால் தகட்டின் முதுகிலிருந்து தட்டி எழுப்பி, மறுபடி மெருகிட வேண்டும்.

பொற்கொல்லர்களுக்கு இது கைவந்த வேலை. தட்டிலும் வாள்பிடியிலும் கோலம் வெட்டிப் பழகிய கை அது.

மனித உடல் மாறுவது பெரும்பாலும் இந்த உளியின் முனையில்தான். ஒயிட் மெல்லிய கரிக்கோட்டால் உருவத்தை வரைந்து, நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஓட்டித் தோலைக் காட்டினார். ஒரே பூச்சில் ஒரு மாநிறத் தொடை வந்துவிடும். செதுக்குபவருக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் இருப்பவை இரண்டு: கோடு, கோடு இல்லாத வெள்ளைத்தாள். தோலை வெறுமனே விட்டால் ஆள் வெள்ளையாகிவிடுவார். கோடு போட்டால் அது நிறமாகத் தெரியாது, நிழலாகத் தெரியும். நிழல் விழ ஒரு மேடும் ஒரு பள்ளமும் வேண்டும். உடலின் வளைவைத் தொடர்ந்து வளையும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள், இடைவெளியில் புள்ளிகள் என்று 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பட்டறைகள் உருவாக்கிய முறை கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்து வளர்ந்தது. அந்தக் கோடுகள் போகுமிடமெல்லாம் தசை திரளும். ஒயிட்டின் ஒல்லியான அல்கான்கியன் வேட்டைக்காரர் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தோள் புடைத்த ஹெர்குலிஸாக வந்து நிற்பதற்கு வெறும் தப்பெண்ணம் மட்டும் காரணமல்ல. தோலின் நிறம் தகட்டில் ஏற முடியாமல் உதிர்ந்தது. அந்த இடத்தில் தசை முளைத்தது.

முகங்களுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. மூக்கும் கண்ணும் உதடும் ஐரோப்பிய வார்ப்பில் விழுந்ததற்கு உளியைக் குறை சொல்ல முடியாது; பயிற்சியில் வரைந்து வரைந்து பழகிய முகத்தைக் கை தானாகவே போட்டிருக்கிறது. நீட்டிய காலும் இந்த வகைதான் என்பது என் எண்ணம். குத்தவைத்து உட்கார்ந்து சாப்பிடும் உடலை அந்தப் பட்டறையில் யாரும் வரைந்து பழகியிருக்கமாட்டார்கள். நாற்காலியில் வளர்ந்த கண்ணுக்கு அது உட்காருவதாகவே படாது, விழப்போகும் ஆளாகத் தெரியும். நம் ஊரில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் எடை எங்கே நிற்கிறது என்று செய்தே காட்டிவிடுவான்.

பின்னணி இன்னொரு கூடுதல். ஒயிட்டின் ஆட்கள் பெரும்பாலும் வெறும் தாளில் நிற்கிறார்கள். அச்சில் வெறுமையை விடக்கூடாது. காசு கொடுப்பவர் நிறைவைக் கேட்பார். ஆகவே ஆளுக்குப் பின்னால் ஆறு, மலை, மான் துரத்தும் கூட்டம் எல்லாம் வந்தன. தலைவர் ஒருவரின் நீர்வண்ணத்தில் முன்பக்கம் மட்டுமே இருக்கிறது. அச்சில் அதே ஆள் முன்னும் பின்னுமாக இருவராக நிற்கிறார். சாப்பிடும் இருவருக்கு முன்னால் சோளக்கதிர், மீன், சிப்பி, சுரைக்குடுவை என்று ஒரு வரிசை சேர்ந்தது. செக்கோட்டானில் புகையிலைப் பாத்தியும் சூரியகாந்தியும் முளைத்தன. இவற்றில் பலவும் ஹேரியட்டின் எழுத்தில் உள்ளவை; கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எழுத்தில் இருந்ததைப் படத்துக்குள் இழுத்துவந்திருக்கிறார்கள். நூலின் கடைசியில் ஐந்து படங்கள் பழைய பிரிட்டனின் பிக்டுகளையும் அவர்களது அண்டை மக்களையும் காட்டுகின்றன: உடம்பெல்லாம் கோலம் தீட்டி, வெட்டிய தலையைக் கையில் பிடித்தபடி. உங்கள் முன்னோரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார்கள் என்று ஆங்கில வாசகருக்குச் சொல்ல. இந்த ஒரு முடிவுக்காகவே த ப்ரைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

தகடு முடிந்தால் அச்சு. மைக்கு ‘ஃப்ராங்க்ஃபர்ட் கறுப்பு’ பெயர்போனது. திராட்சைக் கொடியையும் மது வண்டலையும் எரித்து எடுக்கும் கரி அது. அதைக் காய்ச்சிய எண்ணெயில் இழைத்து, சூடாக்கிய தகட்டில் கோடுகளுக்குள் இறங்கும்படி அப்புவார்கள். பிறகு மேற்பரப்பில் உள்ள மையைத் துணியால் துடைத்து, கடைசியில் சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால் துடைப்பார்கள். அதிகம் துடைத்தால் கோட்டுக்குள் இருப்பதும் வந்துவிடும். குறைவாகத் துடைத்தால் படம் முழுக்க மங்கல் படியும். கந்தல் துணியில் செய்த தாளை முன்கூட்டியே நனைத்துப் பதமாக்கி வைத்திருப்பார்கள். தகட்டின்மேல் தாள், அதன்மேல் கம்பளி. இரண்டு உருளைகளுக்கு நடுவே இழுத்தால், ஈரத்தாள் பள்ளங்களுக்குள் நுழைந்து மையைக் கவ்விக்கொண்டு வரும். அச்சிட்டவற்றைக் கொடியில் உலர்த்துவார்கள். மறுபடி சூடு, மை, துடைப்பு. ஒவ்வொரு பிரதிக்கும் இவ்வளவும்.

எழுத்து அச்சில் மை மேட்டில் நிற்கிறது, தாமிரத்தில் பள்ளத்தில். ஒரே அச்சுப்பொறியில் இரண்டும் நடக்காது. படமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் வரவேண்டுமானால் தாள் இரண்டு பொறிகளில் ஏறி இறங்க வேண்டும். செலவு இரட்டிப்பு, படம் சற்றுச் சாய்ந்து விழுந்த பக்கங்கள் எத்தனையோ. ஆனால் இந்தப் பிரிவில் ஒரு லாபம் ஒளிந்திருந்தது. படத்துக்கு மொழி இல்லை. தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றினால் புதிய பதிப்பு தயார். 1590இல் அந்த நூல் லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் வந்தது இப்படித்தான். படங்களுக்கு ஹேரியட் எழுதிய குறிப்புகளை ஹக்லூட் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். சாப்பிடும் இருவருக்கான குறிப்பில், இவர்கள் அளவோடு உண்பவர்கள், இயற்கையை வருத்துவதில்லை, அதனால் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற பொருளில் ஹேரியட் எழுதியிருக்கிறார். படம் மாறினாலும் அந்தக் குறிப்பில் நேரில் பார்த்தவரின் மரியாதை அப்படியே இருக்கிறது.

நூல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அச்சான அதே 1590இல் ஒயிட் மறுபடி ரோனோக்கில் இறங்கினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஆளுநராக விட்டுவந்த குடியேற்றம் அங்கே இல்லை. அவருடைய மகளும், அங்கேயே 1587இல் பிறந்த பேத்தி வர்ஜீனியா டேரும் இல்லை. புதைத்துவைத்த அவருடைய பெட்டிகளைத் தோண்டி எடுத்திருந்தார்கள். புத்தகங்களின் அட்டை கிழிந்து, படங்களும் வரைபடங்களும் மழையில் நைந்து கிடந்தன.

நூல் விற்றது. த ப்ரை அதைப் பெரிய வரிசையாக்கினார்: 1591இல் ழாக் லெ மோய்ன் வரைந்த ஃப்ளோரிடா, 1592இல் பிரேசில். 1598இல் அவர் இறந்த பிறகு மகன்கள் தொடர்ந்தார்கள். தகடு தேயும், தேய்ந்த கோடுகளை மறுபடி உளியால் ஆழப்படுத்துவார்கள். வாங்கியவர்களில் வசதி உள்ளவர்கள் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். தீட்டியவருக்கு ஒயிட்டின் பழுப்பு தெரியாது. ஆட்கள் ரோஜா நிறத்தில் வந்தார்கள். அச்சைப் பார்த்து இன்னொரு பட்டறை புதுத் தகடு வெட்டும். பெரும்பாலும் நேராகவே படியெடுப்பதால் படம் இடவலம் மாறும். 1705இல் ராபர்ட் பெவர்லி எழுதிய வர்ஜீனியா வரலாற்றுக்கு சிமோன் கிரிபெலின் என்பவர் தகடு வெட்டினார், த ப்ரையின் அச்சுகளைப் பார்த்தே. 115 ஆண்டுகளுக்குப் பிறகும் வர்ஜீனியாவின் மக்கள் அதே ஃப்ராங்க்ஃபர்ட் உடம்போடு நின்றார்கள். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் பால்தேயுஸ் வெளியிட்ட மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றிய நூலின் தாமிரத்தகட்டுப் படங்களைப் பார்க்கும் தமிழ் வாசகர்களும் இந்தப் பட்டறை வழக்கங்களை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. பால்தேயுஸ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர், தகடு வெட்டும் வேலை நடந்தது அங்கே அல்ல.

ஒயிட்டின் நீர்வண்ணங்களுக்கு வேறு விதி. 1865இல் லண்டன் சோதபீஸ் ஏல நிறுவனத்தில் நடந்த தீவிபத்தின்போது தொகுப்பு தண்ணீரில் ஊறியது. எரியவில்லை, ஆனால் ஈரத்தில் வண்ணம் எதிர்த்தாள்களில் ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகம் படங்களையும் வண்ணம் ஒட்டிய அந்தத் தாள்களையும் சேர்த்தே வாங்கியது. இன்று அங்கே நாம் பார்க்கும் படங்கள் வெளிறியிருக்கின்றன; போன நிறத்தில் கொஞ்சம் அந்தத் தாள்களில் இருக்கிறது. ஒயிட் வெள்ளியால் தொட்ட இடங்கள் வேதிமாற்றத்தில் கறுத்துவிட்டன.

இப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி நாற்கோணமாகத் தெரிய வேண்டும். அழுக்கில்லாத விரல் நுனியால் கறுப்புக் கோட்டை மெல்லத் தொட்டால் மை மேடாக நிற்பதை உணரலாம். பிற்காலப் புகைப்பட முறை அச்சுகள் பலவற்றில் அது தட்டையாக இருக்கும். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கையால் செய்த தாளின் கம்பிக் கோடுகள் தெரியும். இரண்டு பொறிகளில் ஏறிய தாளானால் எழுத்து தாளின் முதுகில் லேசாகப் புடைத்திருக்கும். வண்ணம் இருந்தால், அது எந்த நூற்றாண்டில் ஏறியது என்று கேளுங்கள். நூலிலிருந்து தனித்தாளாக வெட்டி விற்றவற்றில் பெரும்பகுதி, சுவரில் மாட்ட எடுப்பாக இருக்கட்டும் என்று பின்னாளில் பூசியது. உருவம் இடவலம் மாறியிருந்தால் அது படியின் படியாக இருக்கக்கூடும். விலை பேசுமுன் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும்வரை தகட்டின் விளிம்பும் தெரியாது, தாளின் முதுகும் தெரியாது.